ஹெல்மெட்டு, லோரி, 85 சதவீதம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடுதாசி, வாட்சாப் மெசேஜ் எல்லாத்துலயும் ஒரே பேச்சுதான். மலேசியாவுல சிலாங்கூர் மாநிலத்து பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பேரு பெஸ்தாரி ஜெயா) பக்கம் பொழுது சாயுற நேரத்துல சைக்கிள்ல வீட்டுக்குத் திரும்பிக்கிட்டிருந்த ஒரு பெரியவர செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு வந்த லோரி அடிச்சு அவர் இறந்துட்டாரு, அந்தப் படத்த யாரோ ஃபேஸ்புக்ல போட்டுட்டாங்க, அதுக்குக் கீழ ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ஆளுங்க ஹெல்மெட் போட்டிருந்தா, போடலைன்னான்னு நாள் கணக்கா சண்டை. அந்தச் சண்டையில இருந்து கிளம்பி வந்த கேள்விங்கதான் இங்க இருக்கு. நான் டாக்டர் இல்ல, தோட்ட ஆஸ்பத்திரியில டிரெஸ்ஸரா, அதாவது புண்ணுக்குக் கட்டுப் போடுற மருத்துவ உதவியாளரா, இருந்து ரிட்டையர் ஆனவன், ஆராய்ச்சிக் கட்டுரைங்கள உக்காந்து முழுசா படிக்கிற பழக்கம் உள்ளவன். அந்த அளவுல பதில் சொல்றேன்.

கேள்வி: என் மகன் நாலாம் வகுப்பு, தமிழ்ப்பள்ளிக்கு சைக்கிள்லதான் போறான். ஹெல்மெட் போட்டா தலையில அடிபடுறது 85 சதவீதம் குறையும்னு நான் எழுதினேன். முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் வந்து "அது பழைய பொய், ஹெல்மெட் விக்கிறவன் கிளப்பி விட்டது, படிச்சிட்டு வாங்க அக்கா"ன்னு எல்லார் முன்னாடியும் கேவலமா பேசிட்டாரு. இன்னொருத்தர் எனக்கு சப்போர்ட் பண்றேன்னு வந்து, ஹெல்மெட் இல்லாம பிள்ளைய அனுப்புற பெத்தவங்கள எல்லாம் உள்ள தூக்கிப் போடணும்ங்கிறாரு. யார் சொல்றது சரி?
(ஒரு தாய், பெஸ்தாரி ஜெயா)

பதில்: ரெண்டு பேருமே சரியில்ல தங்கச்சி. நீங்க சொன்ன 85 யாரோ கதை கட்டினது இல்ல, அதுக்கு ஊர் பேர் எல்லாம் இருக்கு. 1989ல அமெரிக்காவுல சியாட்டல் நகரத்து ஆராய்ச்சியாளருங்க எழுதி, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த கட்டுரை அது. அஞ்சு ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு சைக்கிள்ல விழுந்து தலையில அடிபட்டு வந்த 235 பேர எடுத்தாங்க. அதே ஆஸ்பத்திரிங்களுக்கு சைக்கிள்ல விழுந்து கை கால்ல மட்டும் அடிபட்டு வந்த 433 பேர எடுத்தாங்க. ஆஸ்பத்திரிக்கு வராதவங்களும் இருப்பாங்களேன்னு, ஒரு மருத்துவத் திட்டத்துல உறுப்பினரா இருந்து அந்த வருஷத்துல சைக்கிள்ல விழுந்திருந்த இன்னொரு 558 பேரயும் சேர்த்தாங்க. தலையில அடிபட்டவங்கள்ல ஹெல்மெட் போட்டிருந்தது 7 சதவீதம் பேர்தான், மத்த ரெண்டு கூட்டத்துலயும் 24 சதவீதம், 23 சதவீதம். இந்த வித்தியாசத்த வச்சு, வயசு, வருமானம், படிப்பு, விபத்தோட கடுமை இதெல்லாம் கணக்குல கழிச்சுப் பார்த்துட்டுத்தான் தலை அடி 85 சதவீதம், மூளை அடி 88 சதவீதம் குறையும்னு சொன்னாங்க. நேர்மையா செஞ்ச வேலை.

அப்ப எங்க இடிக்குது? அந்தக் காலத்துல அங்க சைக்கிளுக்குன்னு ஹெல்மெட் வாங்கிப் போட்டவங்க கம்மி, வாங்கினவங்க எல்லாத்துலயும் கொஞ்சம் ஜாக்கிரதையான குடும்பமா இருக்கலாம், பிள்ளைங்கள பெரிய சடக்குல (ரோட்டுல) விடாம பார்க்குல கூடவே போய் ஓட்ட விட்டவங்களா இருக்கலாம், அப்படி இருந்தா அந்தப் பிள்ளைங்க தலை தப்பிச்சதுல ஹெல்மெட்டுக்கு எவ்வளவு பங்கு, கூடப் போன அப்பாவுக்கு எவ்வளவு பங்குன்னு எப்படிப் பிரிப்பீங்க? வருமானத்தக் கழிக்கலாம், ஜாக்கிரதையக் கழிக்க முடியாது. இதுதான் 85ஐ நம்பாதவங்க கேட்ட கேள்வி, இது நியாயமான கேள்வி, இதுக்கும் கம்பெனிக்காரனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

அதுக்கப்புறம் எத்தனையோ ஆராய்ச்சி வந்துடுச்சு. 2016ல ஆஸ்திரேலியாவுல ஆலிவியர், கிரைட்டன்னு ரெண்டு பேர் அது மாதிரி 40 ஆராய்ச்சிங்கள, அடிபட்ட 64,000 பேருக்கு மேல, ஒண்ணா சேர்த்துப் பார்த்தாங்க. தலை அடி ஏறக்குறைய பாதி குறையுது, மோசமான தலை அடி 69 சதவீதம், தலையில அடிபட்டு சாகுறது 65 சதவீதம் குறையுதுன்னு வந்துச்சு. அதனால 85ன்னு அடிச்சுப் பேசாதீங்க, "பாதிக்குப் பாதி, பலமான அடின்னா அதுக்கும் மேல"ன்னு பேசுங்க, அத யாராலயும் லேசுல தள்ள முடியாது. ஒண்ணு மட்டும் மறக்காம சொல்லுங்க: இந்த நம்பர் எல்லாமே ஏற்கனவே விழுந்துட்டவங்கள பத்தினது, விழாம இருக்கிறதப் பத்தி இதுல ஒரு வார்த்தையும் இல்ல. பையனுக்கு ஹெல்மெட் போட்டு அனுப்புங்க. உள்ள தூக்கிப் போடணும்னு சொன்னவருக்கு பதில் எழுத வேண்டாம், லயத்துல ஹெல்மெட் வாங்க காசில்லாத வீட்டுப் பிள்ளையும் அதே பள்ளிக்கூடத்துக்குத்தான் சைக்கிள்ல போகுது.

கேள்வி: ஐயா, இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி எல்லாம்? எங்க மாமா விழுந்தாரு, ஹெல்மெட் ரெண்டா பொளந்துடுச்சு, தலைக்கு ஒண்ணும் ஆகல. கண்ணால பார்த்தவன் நான். இத சொன்னா ஒரு ஆளு "ஒரு மாமா ஆதாரம் ஆகாது"ன்னு சிரிக்கிறாரு. கடுப்பா இருக்கு.
(மோட்டார் பட்டறை வச்சிருக்கும் வாசகர், புக்கிட் ரோத்தான்)

பதில்: மாமா நல்லா இருக்காரே, அது சந்தோஷம் தம்பி. சிரிச்சது தப்பு, ஆனா அவர் சொன்னதுல விஷயம் இருக்கு, கோவத்த ஒதுக்கி வச்சுட்டுக் கேளுங்க.

சைக்கிள் ஹெல்மெட்டு உள்ள இருக்கிறது வெள்ளை நுரை, டிவி பெட்டிக்குள்ள வருமே அந்த ஜாதி. அது நசுங்கி நசுங்கித்தான் அடிய வாங்கணும். நசுங்காம டப்புன்னு பொளந்துட்டா, வாங்க வேண்டிய அளவுக்கு அது அடிய வாங்கலைன்னும் அர்த்தம் இருக்கலாம். அதனால பொளந்த ஹெல்மெட்ட மட்டும் காட்டி உயிரக் காப்பாத்துச்சுன்னும் சொல்ல முடியாது, காப்பாத்தலைன்னும் சொல்ல முடியாது. ஐரோப்பாவுல ஹெல்மெட்ட பாஸ் பண்ணி விடுற சோதனையில, தலை மாதிரி ஒரு உருண்டைக்கு மாட்டி, ஒன்றரை மீட்டர் உசரத்துல இருந்து இரும்புத் தளத்துல போடுவாங்க, கீழ வந்து முட்டுறப்போ வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் கிட்ட இருக்கும். சைக்கிள்ல இருந்து சாஞ்சு விழுந்து தார்ல தலை இடிக்கிற வேகம் அது. உங்க மாமா விழுந்தது அப்படித்தான்னா ஹெல்மெட் தன் வேலைய செஞ்சிருக்க வாய்ப்பு நிறைய. 80ல வர்ற லோரிக்கு அது செஞ்சது இல்ல.

கண்ணால பார்த்ததுக்கு வருவோம். நான் வேலையில இருந்த காலத்துலயே நடந்த ஒரு விஷயம் சொல்றேன். மாதவிடாய் நின்ன பொம்பளைங்களுக்கு ஹார்மோன் மாத்திரை குடுத்தா மாரடைப்பு குறையும்னு உலகம் பூரா டாக்டருங்க நம்பினாங்க, நர்சுங்கள வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்ச பெரிய பெரிய ஆராய்ச்சியும் அப்படித்தான் சொல்லுச்சு, டாக்டருங்களும் தன் கண்ணாலயே மாத்திரை சாப்பிடுறவங்க ஆரோக்கியமா இருக்கிறதப் பார்த்தாங்க. அப்புறம் அமெரிக்காவுல 16,608 பேர சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு நிஜ மாத்திரை, ஒரு பாதிக்கு வெத்து மாத்திரை குடுத்தாங்க. 2002 ஜூலையில பாதியிலயே நிறுத்திட்டாங்க, ஏன்னா மாத்திரை சாப்பிட்ட பக்கம் மாரடைப்பு குறையல, கூடிடுச்சு. பக்கவாதமும் மார்புப் புற்றும் கூடவே ஏறிச்சு. அப்ப முன்ன பார்த்தது என்ன? மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பொம்பளைங்க வசதியானவங்க, படிச்சவங்க, உடம்பப் பார்த்துக்கிறவங்க, அவங்க மாத்திரை இல்லாமலும் நல்லாத்தான் இருந்திருப்பாங்க. (இதப் படிச்சிட்டு யாரும் டாக்டரக் கேக்காம மாத்திரைய நிறுத்தாதீங்க. வயசு, எந்த மாத்திரை, எவ்வளவு காலம்னு பார்த்து இன்னைக்கும் சில பேருக்குக் குடுக்கிறாங்க, அதுக்கு நியாயமான காரணம் இருக்கு.)

ஹெல்மெட்ல இப்படி சீட்டுக் குலுக்கி சோதனை பண்ண முடியாது, பாதிப் பிள்ளைங்களுக்கு ஹெல்மெட் போடாதன்னு சொல்லி சடக்குல விட எந்த மனசு வரும்? அதனாலதான் முப்பது வருஷத்துக்கு மேல இந்த வாதம் ஓயாம நடக்குது. வாதாடுறவங்க முட்டாளுங்கன்னு நினைச்சுடாதீங்க.

கேள்வி: மோட்டாருக்கு ஹெல்மெட் கட்டாயம்னு சட்டம் இருக்கிற மாதிரி சைக்கிளுக்கும் போட்டுட்டா பிரச்சனை தீர்ந்துச்சு. இதுல என்ன விவாதம்?
(ஓய்வுபெற்ற கிராணி, குவாலா சிலாங்கூர்)

பதில்: ஐயா, மோட்டாரையும் சைக்கிளையும் முதல்ல பிரிச்சுக்கணும். மோட்டார் ஹெல்மெட்ல விவாதமே இல்ல. பல ஆராய்ச்சிங்கள சேர்த்து 2008ல வந்த காக்ரேன் ஆய்வு, விபத்துல மாட்டுற மோட்டார்காரங்க சாகுறது 42 சதவீதம், தலை அடி 69 சதவீதம் குறையுதுன்னு சொல்லுது. நம்ம நாட்டுல 1973ல இருந்தே அது சட்டம். இருந்தும் தோட்டத்துக்குள்ள, கடைக்கு, கோவிலுக்குன்னா யாரும் போடுறதில்ல, முன்னால டேங்க் மேல மூணு வயசுப் பிள்ளைய உக்கார வச்சுக்கிட்டு வெறும் தலையோட போறாங்க, அதே ஆளு ராத்திரி போனத் தொறந்து சைக்கிள்காரனுக்கு புத்தி சொல்றாரு. எனக்கு இதப் பார்த்தா வயிறு எரியுது. மலேசியாவுல வருஷத்துக்கு 6,000 பேருக்கு மேல சடக்குல சாகுறாங்க, அதுல பாதிக்கு மேல மோட்டார்ல போறவங்க. இருக்கிற சட்டத்த நம்ம தோட்டத்து கேட்டுக்கு உள்ளயும் மதிக்கிறதுதான் இந்த ஊர்ல அதிக உயிரக் காப்பாத்தும், நான் அடிச்சுச் சொல்றேன்.

இப்ப சைக்கிள் சட்டம். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம்தான் உலகத்துலயே முதல்ல, 1990 ஜூலை 1ல, சைக்கிள் ஹெல்மெட்ட கட்டாயமாக்குச்சு. தலையில அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க குறைஞ்சாங்க, அது உண்மை. ஆனா சைக்கிள் ஓட்டுறவங்களும் குறைஞ்சாங்க, முக்கியமா பதின்ம வயசுப் பிள்ளைங்க, அதுவும் உண்மை. அப்ப அடி குறைஞ்சது ஹெல்மெட்டாலயா, சைக்கிளே ஓட்டாததாலயா? ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான பாதிய மட்டும் எடுத்துக்கிட்டு இன்னும் அடிச்சுக்கிறாங்க.

இதுல எனக்குப் பிடிச்சது கனடாக்காரங்க 2013ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டது. அந்த நாட்டுல சில மாநிலத்துல சட்டம் உண்டு, சிலதுல இல்ல, அதனால ஒப்பிட்டுப் பார்க்க வசதி. 1994ல இருந்து 2003 வரைக்கும் சட்டம் உள்ள மாநிலங்கள்ல சின்ன வயசுக்காரங்க தலை அடி 54 சதவீதம் குறைஞ்சுது, சட்டம் இல்லாத இடத்துல 33 சதவீதம். நம்ம ஆளு இந்த இடத்துலயே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டு "பார்த்தியா!"ன்னு குரூப்ல போட்டுடுவாரு. கட்டுரைய எழுதினவங்க அங்க நிக்கல. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே அந்த மாநிலங்கள்ல அடி குறைஞ்சுக்கிட்டேதானே வந்துச்சுன்னு பழைய போக்கையும் கணக்குல சேர்த்துப் பார்த்தாங்க, சேர்த்ததும் சட்டத்தால வந்த பலன்னு தனியா காட்டுற மாதிரி பெருசா ஒண்ணும் மிஞ்சல. இதுக்கு அர்த்தம் ஹெல்மெட் வீண்னு இல்ல, ஐயா. ஹெல்மெட் ஒரு தலைக்கு என்ன பண்ணுதுங்கிறது ஒரு கேள்வி, சட்டம் ஒரு நாட்டுக்கு என்ன பண்ணுதுங்கிறது வேற கேள்வி. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் பாதி சண்டை வருது, ஒருத்தர் முதல் கேள்விக்கு பதில் சொல்லிக்கிட்டிருப்பாரு, எதிர்ல இருக்கிறவர் ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்லிக்கிட்டிருப்பாரு, ரெண்டு பேரும் எதிராளி பொய் சொல்றாருன்னு நினைப்பாங்க.

நம்ம ஊருக்கு சைக்கிள் சட்டம் வேணுமான்னு என்னைக் கேட்டா, வேண்டாம். இங்க சைக்கிள்ல போறது யாரு? பள்ளிக்கூடப் பிள்ளைங்க, மோட்டார் லைசென்ஸ் எடுக்காத வயசானவங்க, வேலைக்குப் போற வெளிநாட்டுத் தம்பிங்க. அவங்களுக்கு சம்மன் எழுதி வாங்குற காசுல எந்த லோரியும் மெதுவா போகப் போறதில்ல.

கேள்வி: இறந்து போனவர் எங்க அப்பா. "ஹெல்மெட் போடாமப் போனா இப்படித்தான்"னு முகம் தெரியாதவங்க எழுதினத நான் படிச்சேன், பிள்ளைங்களும் படிச்சாங்க. உண்மைய சொல்லுங்க, போட்டிருந்தா அப்பா பொழைச்சிருப்பாரா? நாங்க வாங்கிக் குடுத்திருக்கணுமா?
(பெயரும் ஊரும் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட மகள்)

பதில்: அம்மா, நீங்க கூட அனுப்பின ஆஸ்பத்திரி காகிதத்தப் படிச்சேன். அடி நெஞ்சுலயும் இடுப்பு எலும்புலயும், உள்ளுக்குள்ள ரத்தம் போயிருக்கு. அந்த அடிக்கு ஹெல்மெட் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. உங்க மனசு ஆறணும்னு நான் இத மாத்திச் சொல்லல, காகிதத்துல உள்ளதுதான். நீங்க வாங்கிக் குடுக்காதது எதையும் கெடுக்கல.

தலையிலயே அடிபட்டிருந்தாலும்கூட, மேல சொன்ன 65 சதவீதம்ங்கிறத வச்சு ஒரு தனி ஆளு பொழைச்சிருப்பாரா மாட்டாரான்னு யாராலயும் சொல்ல முடியாது. அது ஆயிரக்கணக்கான பேரச் சேர்த்துப் பார்த்த கணக்கு. அத எடுத்துக்கிட்டு ஒரு வீட்டு வாசல்ல வந்து நின்னு உங்க அப்பா தப்புன்னு சொல்றதுக்கு எந்த ஆராய்ச்சியும் யாருக்கும் உரிமை குடுக்கல. 2017 பிப்ரவரியில ஜொகூர் பாருவுல விடியக்காலை இருட்டுல சைக்கிள் ஓட்டின 8 பசங்க கார் மோதி இறந்தப்போ நாடு பூரா இதேதான் நடந்துச்சு, பிள்ளைங்களப் பறிகொடுத்த பெத்தவங்களுக்கும் வசவு, கார் ஓட்டின பொண்ணுக்கும் வசவு, எழுதினவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அந்த சடக்கக்கூடப் பார்த்ததில்ல.

உங்க அப்பா போன அந்தச் சடக்குல ஓரம்னு ஒண்ணு கிடையாது, தார் முடிஞ்ச இடத்துல புல்லு, அதுக்கப்புறம் வாய்க்கா. விளக்குக் கம்பம் இல்ல. 1917ல தென்னமரம் தோட்டத்துல நாட்டுலயே முதல் தடவையா வியாபாரத்துக்கு செம்பனை நட்டதுல இருந்து இந்த வட்டாரத்துல குலை வண்டி ஓடுது, அந்த வண்டிங்களோட பக்கத்துல சைக்கிள்காரனும் நடந்து போறவனும் எங்க போறதுன்னு யோசிச்சு ஒரு மீட்டர் இடம் ஒதுக்க இத்தனை வருஷத்துல யாருக்கும் தோணல. கேள்வி கேட்கணும்னா அங்க கேட்கணும். பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க, தாத்தா மேல எந்தத் தப்பும் இல்லைன்னு.

கேள்வி: ஹெல்மெட் போட்டா கார்காரங்க இன்னும் நெருக்கமா வந்து முந்துவாங்கன்னு இங்கிலாந்துல கண்டுபிடிச்சிருக்காங்களாமே?
(ஆறாம் படிவ மாணவி, சுங்கை பூலோ)

பதில்: ஆமா பாப்பா. பாத் பல்கலைக்கழகத்துல இயன் வாக்கர்னு ஒரு மனோதத்துவ ஆராய்ச்சியாளர், தன் சைக்கிள்ல தூரம் அளக்குற கருவிய மாட்டிக்கிட்டு, சில நாள் ஹெல்மெட்டோட, சில நாள் ஹெல்மெட் இல்லாம தானே ஓட்டினாரு, 2,300 வண்டிங்களுக்கு மேல அவர முந்திப் போச்சு. ஹெல்மெட் போட்டிருந்தப்போ சராசரியா எட்டரை சென்டிமீட்டர் நெருக்கமா போனாங்கன்னு 2006ல சொன்னாரு. அந்த சோதனையிலயே ரெண்டு தடவை வண்டி அவர இடிச்சுது. அப்புறம் 2013ல ஆஸ்திரேலியாக்காரங்க அவரோட அதே கணக்க வாங்கி, ஒரு மீட்டருக்கும் குறைவா ஆபத்தா நெருங்கினது எத்தனைன்னு மட்டும் பார்த்தா ஹெல்மெட்டால வித்தியாசம் இல்லைன்னு எழுதினாங்க. வாக்கர் ஒத்துக்கல, மறுபடி பதில் எழுதினாரு. யார் ஜெயிச்சாங்கன்னு நான் தீர்ப்பு சொல்லல, நீ கவனிக்க வேண்டியது என்னன்னா அவர் தன் கணக்க பூட்டி வைக்காம எதிராளி கையில குடுத்தாரு, எதிராளி அவர் அம்மாவ இழுக்காம அந்தக் கணக்க வச்சே பேசினாங்க. நீயும் வாதாடு, இப்படி வாதாடு.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு இனிப்பு நீர் (சக்கரை வியாதி). கிளினிக்ல தினம் சைக்கிள் ஓட்டச் சொன்னாங்க. பிள்ளைங்க இந்த விபத்துக்கு அப்புறம் சைக்கிளப் பூட்டி வச்சுட்டாங்க.
(ஒரு மனைவி, ஈஜோக்)

பதில்: பூட்டத் தொறங்க அம்மா. இந்த நாட்டுல பெரியவங்கள்ல ஆறுல ஒருத்தருக்கு கிட்ட இனிப்பு நீர் இருக்கு, இனத்துல பார்த்தா நம்மகிட்டதான் அதிகம். நான் டிரெஸ் பண்ணின புண்ணுக் காலு, எடுத்த விரலு, அதெல்லாம் இன்னும் கண்ணுல நிக்குது. கோப்பன்ஹேகன்ல 30,000 பேர சராசரி பதினாலரை வருஷம் தொடர்ந்து பார்த்து 2000ல எழுதினாங்க, வேலைக்கு சைக்கிள்ல போறவங்க அந்தக் காலத்துல சாகுற வாய்ப்பு மத்தவங்களவிட 28 சதவீதம் குறைவு, விபத்து எல்லாம் சேர்த்துத்தான்.

ஹெல்மெட்டுக்குக் கேட்ட கேள்விய இங்கயும் கேட்கணும், நமக்குப் பிடிச்ச முடிவுன்னு விட்டுடக் கூடாது: நோயாளி சைக்கிள் ஓட்ட மாட்டான், தெம்பு உள்ளவன்தான் ஓட்டுவான், அப்ப சைக்கிளாலயா தெம்பாலயா? அந்த ஆராய்ச்சியில சிகரெட், கொலஸ்ட்ரால், எடை, மத்த உடற்பயிற்சி எல்லாத்தையும் கழிச்சுத்தான் 28ன்னு வந்துச்சு, முழுசா பிரிக்க முடிஞ்சிருக்காது, ஆனா வேற நாட்டுலயும் இதே பக்கம்தான் முடிவு வந்திருக்கு, உடம்ப அசைச்சா சக்கரை இறங்கும்ங்கிறது தனியாவே சோதனை பண்ணி நிரூபிச்ச விஷயம். கோப்பன்ஹேகன் சடக்கு நம்ம சடக்கு இல்ல, அதையும் மறக்கல. அதனால பெரிய சடக்குப் பக்கம் வேண்டாம், தாமான் உள்ள, பள்ளிக்கூட பாடாங்கச் சுத்தி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஓட்டச் சொல்லுங்க. இன்சுலின் ஊசி போடுறவரா இருந்தா, சக்கரை ரொம்ப இறங்கிட்டா வாயில போட பாக்கெட்ல மிட்டாய் இருக்கட்டும்.

கேள்வி: ஹெல்மெட் ஹெல்மெட்னு பேசுறாங்க, அடிபடாம இருக்க என்ன வழின்னு ஒருத்தரும் பேசலையே?
(பள்ளிப் பேருந்து ஓட்டுநர், ரவாங்)

பதில்: இதத்தான் முதல்ல கேட்டிருக்கணும் அண்ணே. ரெண்டு ஆதாரம் சொல்றேன், ஒண்ணு நம்ம நாட்டுது.

1992ல இருந்து மோட்டார்காரங்க பகல்லயும் முன் லைட்ட போட்டு ஓட்டணும்னு இங்க கட்டாயமாக்கினாங்க. அத சிரம்பான்லயும் ஷா ஆலாம்லயும் கணக்கெடுத்து ஆராய்ச்சி பண்ணினதுல, எதிராளி கண்ணுக்குப் படாததால நடக்குற மோட்டார் விபத்து 29 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. பெடரல் ஹைவேயில மோட்டாருக்குன்னு தனி லேன் தொறந்தப்போ மோட்டார் விபத்து 39 சதவீதம் குறைஞ்சுது. நம்ம நாட்டு ஆராய்ச்சியாளருங்க 1990கள்ல எழுதினது இது, ஃபேஸ்புக்ல சியாட்டல் வரைக்கும் போறவங்க சிரம்பானுக்கு வர மாட்டேங்கிறாங்க.

இன்னொண்ணு டென்மார்க்ல. இதுல சீட்டுக் குலுக்கவே முடிஞ்சுது. 6,793 சைக்கிள்காரங்கள ரெண்டாப் பிரிச்சு, பாதிப் பேருக்கு பளிச்சுன்னு மஞ்சள் சட்டை குடுத்தாங்க. மத்தவங்க வந்து மோதி அடிபடுற விபத்து மஞ்சள் சட்டைக்காரங்களுக்கு 47 சதவீதம் குறைவு. ஆனா அங்க ஒரு விஷயத்தக் கண்டுபிடிச்சாங்க, யாரும் மோதாம தானா விழுற விபத்தையும் மஞ்சள் சட்டைக்காரங்க கம்மியாத்தான் சொல்லியிருந்தாங்க. சட்டை கலருக்கும் தானா வழுக்கி விழுறதுக்கும் என்ன சம்பந்தம்? சட்டை வாங்கினவங்க சில விபத்தச் சொல்லாம விட்டிருப்பாங்க போல. அதுக்காக கணக்கத் திருத்தி 47ஐ 38ன்னு தாங்களே இறக்கிக்கிட்டாங்க. தன் நம்பர தானே இறக்கிக்கிறவங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும். 38ம் பெரிய நம்பர்தான் அண்ணே, ஒரு மஞ்சள் சட்டை பத்து பதினஞ்சு வெள்ளிக்கே கிடைக்குது. உங்க பேருந்துல வர்ற பிள்ளைங்ககிட்டயும் சொல்லுங்க, பின்னால சிவப்பு லைட், மஞ்சள் சட்டை. அப்புறம் லோரிங்க வேகம், சடக்கு ஓரம், விளக்கு, இதெல்லாம் நாம போட முடியாது, ஊராட்சி மன்றத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதித்தான் வாங்கணும். எந்த இடம், எத்தனை மணிக்கு, எத்தனை லோரின்னு குறிச்சுக்கிட்டு ஊர்க்காரங்க கையெழுத்தோட எழுதுங்க, நான் வாசிச்சுத் திருத்தித் தர்றேன்.

கேள்வி: நான் எங்க தாமான் குரூப் அட்மின். தினமும் இதே சண்டை. ஒருத்தர் ஏழு லிங்க் போடுவாரு, இன்னொருத்தர் யூடியூப் போடுவாரு. எப்படி நிறுத்துறது?
(அட்மின், பத்தாங் பெர்ஜுந்தை)

பதில்: நிறுத்த வேண்டாம் தம்பி, திருப்பி விடுங்க. லிங்க் போடுறவர்கிட்ட "நீங்க முழுசா படிச்சீங்களா, அதுல யாரை யாரோட ஒப்பிட்டிருக்காங்க?"ன்னு மட்டும் மரியாதையா கேளுங்க. படிச்சவர் பதில் சொல்வாரு, அவர்கிட்ட நாமளும் கத்துக்கலாம். படிக்காதவர் கொஞ்ச நாள்ல வேற வேலை பார்க்கப் போயிடுவாரு. "உங்க எண்ணத்த மாத்திக்க என்ன காட்டணும்?"னும் கேளுங்க, எதக் காட்டினாலும் மாத்திக்க மாட்டேன்னு சொல்றவரோட வாதாட ஒண்ணுமில்ல, அவருக்கு வணக்கம் சொல்லிட்டு விட்டுடலாம். ஆனா ஒண்ணுல கண்டிப்பா இருங்க, செத்தவங்க படம், அடிபட்டவங்க படம் போட்டா அந்த நிமிஷமே அழிச்சுடுங்க, போட்டவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் சரி.

கேள்வி: பிள்ளைக்கு ஹெல்மெட் எப்படிப் பார்த்து வாங்குறது?
(ஒரு பாட்டி, தஞ்சோங் காராங்)

பதில்: வளர்ற பிள்ளைதானேன்னு பெருசா வாங்காதீங்கம்மா, தலைய ஆட்டினா ஹெல்மெட்டும் சேர்ந்து ஆடணும், தனியா ஆடக் கூடாது. முன் விளிம்பு புருவத்துக்கு மேல ரெண்டு விரல் தள்ளி இருக்கணும், நெத்தி பூரா தெரியிற மாதிரி பின்னால சரிச்சுப் போட்டா விழுறப்போ நெத்திதான் இடிக்கும். நாடிக்குக் கீழ வாருல ஒரு விரல், ரெண்டு விரல் நுழையுற இடம் போதும். உள்ள சோதனை முத்திரை ஒட்டியிருக்கான்னு பாருங்க. விளையாட்டுச் சாமான் கடையில விக்கிற வெறும் பிளாஸ்டிக் சட்டி வேண்டாம். மரத்துல ஏறுறப்போ, ஊஞ்சல்ல ஆடுறப்போ கழட்டச் சொல்லுங்க, வாரு மாட்டி கழுத்த இறுக்கிடும். ஒரு தடவை தலை நல்லா இடிச்ச ஹெல்மெட், வெளிய கீறல் இல்லாம இருந்தாலும், உள்ள நுரை நசுங்கியிருக்கும், வேற யாரும் எடுத்துப் போட்டுக்காதபடி வாரை வெட்டிட்டு குப்பையில போட்டுட்டு புதுசு வாங்குங்க.